இரவு ஒன்பதுக்கு மேல் ஜப்பானியம் மண்டையில் ஏறவில்லை என்றவருக்கு

சார், கிண்டியில் வேலை முடித்து ஒன்பதுக்குத் திருவொற்றியூர் வந்து புத்தகத்தைப் பிரித்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். நாற்பது வயது அதற்குக் காரணமில்லை. படிப்பைக் காலை மெட்ரோவுக்கு மாற்றுங்கள். தேரடியில் ஏறினால் உட்காரவும் இடம் கிடைக்கும்.

ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானா 46 எழுத்துதான், 247 படித்தவருக்கு அது பெரிதா? இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். 'மிஸு ஓ நோமிமாஸ்' என்றால் 'தண்ணீரைக் குடிக்கிறேன்'. 'ஓ' நம்முடைய 'ஐ', வினை கடைசியில். அப்படியே தமிழ்தான்! சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள்தான் படுத்தும்.

அப்புறம், ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் முதல் படியான என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் போதும் என்று அசந்துவிடாதீர்கள். கேட்டல் பகுதியில் தனியாக 60-க்கு 19 வேண்டும். நான் முதல் தடவை கோட்டைவிட்டது அதில்தான். திரும்பி வரும்போது, நின்றுகொண்டே வந்தாலும், காதில் ஹெட்போன் இருக்கட்டும்.