பழைய பாகங்களில் எது புது கம்ப்யூட்டருக்கு வரும்?

கேள்வி: முதல் முறையாக நானே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். வீடியோ எடிட்டிங்தான் முக்கியம், கொஞ்சம் கேமும் விளையாடுவேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்திருக்கிறேன். எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டரில் 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), சாட்டா கேபிளில் இணையும் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கின்றன. அவற்றை இதில் பயன்படுத்தலாமா? வேறென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: ஹார்டு டிஸ்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற இரண்டும் வேண்டாம்.

ரேம் விஷயத்தில் வேறு வழியே இல்லை. மதர்போர்டில் 7600 பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். டிடிஆர்4 ரேமில் நடுவே இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது, அழுத்திப் பார்க்காதீர்கள். எடிட்டிங் செய்பவருக்கு 32 ஜிபி நல்ல தொடக்கம். அதை 16 ஜிபி ரேம் இரண்டு கொண்ட ஒரே கிட்டாக வாங்குங்கள். 'இப்போது இரண்டு, பிறகு இன்னும் இரண்டு' என்ற கணக்கு இங்கே சரிவராது. இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம் வரை என்று சொல்லும் ஏஎம்டி (உங்கள் பிராசசரின் தயாரிப்பாளர்), நான்கு போட்டால் 3600 என்றுதான் உறுதி தருகிறது. 64 ஜிபி தேவைப்படும் என்று தோன்றினால் இப்போதே 32 ஜிபி ரேம் இரண்டாக எடுத்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். 4060 கார்டுக்கு 115 வாட், பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் 88 வாட், மற்றவை எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. கணக்கு சரிதான். ஆனால் பிரச்சினை வாட்டில் இல்லை, வயதில் இருக்கிறது. எட்டு வருடச் சூட்டில் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். மற்ற எந்தப் பாகம் பழுதானாலும் நஷ்டம் பெரும்பாலும் அதோடு நிற்கும். எஸ்எம்பிஎஸ் பழுதானால் கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் 550 அல்லது 650 வாட்டில் புதிதாக ஒன்று வாங்குங்கள். அதன் மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் தரத்தை அல்ல. உத்தரவாத வருடங்களையும், பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் எழுதிய விமர்சனங்களையும் நம்புங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ்ஸில், பெட்டிப் பக்கம் செருகும் முனைக்குப் பொதுவான தரநிலை கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவர் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தலாம், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் உங்கள் ஹார்டு டிஸ்கை ஒரே நொடியில் கொன்றுவிடலாம். புதிய பெட்டியோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

சரி, இனி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. நீங்கள் தேர்ந்தெடுத்த மதர்போர்டின் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். முதல் அசெம்பிளியில் உங்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. இரண்டு ரேம் மட்டும் போடும்போது எந்த ஸ்லாட்டுகளில் போடவேண்டும் (பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்), கேபினெட்டின் பவர் பட்டன் ஒயர் எந்தப் பின்களில் போகும் என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டியை நேரடியாகப் போர்டில் செருகும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. பழைய ஹார்டு டிஸ்கை மாட்டப்போகும் உங்களுக்கு அந்தக் குறிப்பு முக்கியம். கேபினெட்டின் விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம் எதுவரை இடம் இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மனம் மாறி ரைசன் 9000 வரிசைக்குப் போனால், பி650 போர்டில் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதிதாக இருக்கவேண்டும். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குவது அப்போது கைகொடுக்கும்.

எல்லாப் பாகங்களையும் அடுத்தடுத்த நாட்களில் வந்து சேரும்படி வாங்குங்கள். மாதத்துக்கு ஒன்று என்று சேர்த்தால், முதலில் வாங்கியதைச் சோதிப்பதற்குள் திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிடும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், நடுத்தர அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். 7600 பெட்டியிலேயே கூலர் வருகிறது, அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்டும் தடவியே இருக்கும். ஏஎம்5 பிராசசரில் பின்கள் கிடையாது, அவை போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே விரல் படவே கூடாது. சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள், போர்டைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் கேட்பார்கள்.

கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே பிராசசர், கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 7600க்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரை நேரடியாகப் போர்டில் மாட்டலாம். எட்டு பின் சிபியு பவர் கேபிளை மறக்காதீர்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும், ஓடத் தொடங்கும். திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 ரேமை போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பயந்துபோய் கரன்ட்டை நிறுத்திவிடாதீர்கள். பயாஸ் திரை வந்தபின் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால்தான் ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடும்.

அப்புறம், பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் 11 நிறுவும் பென்டிரைவைத் தயார் செய்துவிடுங்கள். குறைந்தது 8 ஜிபி வேண்டும். போர்டின் லேன், வைஃபை டிரைவர்களையும் அதிலேயே போட்டு வையுங்கள். நிறுவும்போதே விண்டோஸ் இணையம் கேட்கும், புதிய வைஃபை சிப்பை அது அடையாளம் காணாமல் போகலாம். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவி முடியும்வரை பழைய ஹார்டு டிஸ்கை மாட்டவே வேண்டாம். அது கூட இருந்தால், பூட் ஆவதற்கான கோப்புகளை விண்டோஸ் சில சமயம் அதில் எழுதிவிடும், பின்னால் அதைக் கழற்றும் நாளில் கம்ப்யூட்டர் எழும்பாது.