மனைப்பிரிவும் சுற்றுச்சூழல் அனுமதியும்: கேள்வி பதில்

செங்கல்பட்டு வாசகர்: 40 ஏக்கர் வயலை மனை போட்டு விற்கிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை. தடுக்க முடியுமா?

அந்த வழியில் முடியாது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அனுமதி தேவைப்படத் தொடங்குவது, கட்டடத்துக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பில், மனைப்பிரிவு போன்ற பகுதி மேம்பாட்டுக்கு 50 ஹெக்டேரில். அதாவது 123 ஏக்கருக்கு மேல். நம் மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை இதில் சிக்கவே சிக்காது. வயலில் மண்ணடித்து மேடாக்கிக் கல் நட்டாலும் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

நீங்கள் பிடிக்க வேண்டியது வருவாய் ஆவணங்களை. புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (கிராம நிலங்களின் வகையைக் காட்டும் பதிவேடு) எடுத்து, அந்த சர்வே எண்களுக்கு நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தாசில்தார், நீர்வளத்துறை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மூவருக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழிப் புகார் எதற்கும் உதவாது. அப்புறம், பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டிய 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீட்டை எங்கே காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில்தான் இருக்கும்.

திருவள்ளூர் வாசகர்: 25 ஏக்கர் லேஅவுட்டுக்கு அனுமதி தேவையா?

மேலே பாருங்கள்.

தாம்பரம் வாசகர்: ஒரே மதிலுக்குள் இரண்டு அடுக்குமாடிகள். இரண்டு பெயரில் பிளான், ஒவ்வொன்றும் 19,000 சதுர மீட்டர் சொச்சம்.

பழைய வித்தை: பிரித்தால் 20,000 வரம்புக்குள், சேர்த்தால் அதற்கு மேல். ஒரே நுழைவாயில், ஒரே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஒரே விளம்பரம் என்றால் ஒரே திட்டம்தான் என்று வாதாடலாம். படமெடுத்து வையுங்கள். தரைக்குக் கீழே உள்ள தளமும் கட்டுமானப் பரப்பில் சேரும். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்) கணக்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள். அனுமதி இல்லாமலே கட்டினால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் அதன் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழக்கு, ஆறு மாதக் கெடு. கொடுத்த அனுமதியை எதிர்ப்பதென்றால் 16ஆம் பிரிவில் மேல்முறையீடு: 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60. அதற்குமேல் ஒரு நாள் போனாலும் கதவு சாத்தியாகிவிடும்.

ஒரு கட்டுநர்: இரண்டு பட்டா, இரண்டு உரிமையாளர்கள். வரம்புக்குள் கட்டுவது குற்றமா?

இல்லை. இரண்டு உரிமையாளருக்கும் கையெழுத்துப் போடுவது ஒரே ஆள் என்றால்தான் கேள்வி வரும்.

அதே கட்டுநர்: அனுமதிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். பாதிக்கப்படுவது வீடு வாங்குபவர்தானே?

தாமதம் நியாயமான புகார். ஆனால் 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டர் வரை உங்களிடம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையே கேட்பதில்லை, மக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. நிரப்ப வேண்டியது விண்ணப்பப் படிவங்கள். அதற்கே பிளானை இரண்டாக வெட்டுகிறீர்கள் என்றால், படிவத்தில் எழுத முடியாத ஏதோ மனையில் இருக்கிறது.

இன்னொருவர்: அவர் சொல்வதும் சரிதானே? எல்லாவற்றையும் தடுத்தால் ஊர் எப்படி வளரும்?

தடுக்கச் சொன்னது யார்? பரப்பைச் சேர்த்துக் கூட்டத்தானே சொன்னேன்? இந்தப் பேச்சு போதும்.

மதுரை வாசகர்: எங்கள் பாசன ஏரி ஈரநில விதிகளில் வருமா?

வராது. 2017 விதிகள் பாசனத்துக்கென்று வெட்டியதை வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. 2007ஆம் ஆண்டின் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைப் பாருங்கள்.

கோவை வாசகர்: அடுக்குமாடிக்கு ஏன் கருத்துக்கேட்பு நடத்தவில்லை?

கட்டுநருக்குச் சொன்ன பதிலிலேயே இருக்கிறது.

ஓசூர் வாசகர்: போன வருடம் கொடுத்த அனுமதி இப்போதுதான் தெரிந்தது.

கெடு! அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தந்தாக வேண்டும். தந்தார்களா என்று முதலில் தேடுங்கள். தந்திருந்தால் மேல்முறையீடு முடிந்தது. மிஞ்சுவது நிபந்தனை மீறல். பரிவேஷ் தளத்தில் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) அனுமதிக் கடிதத்தையும், நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் இணக்க அறிக்கையையும் எடுத்து, அதில் எழுதிய மழைநீர் வடிகால் தரையில் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள்.