தீனி கூட்டியும் புறா ஏன் இளைக்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: மாடியில் ஒரு ஹோமர் (பந்தயப் புறா) ஜோடி ரெண்டு குஞ்சுக்கு இரை ஊட்டுது, காலையும் மாலையும் பறக்கவும் விடுறேன், கம்பும் பட்டாணியும் அள்ளி வச்சாலும் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுது, என்ன டானிக் கொடுக்கலாம்?

டானிக் வேண்டாம் தம்பி. முதலில் பறக்க விடுவதை நிறுத்துங்கள்.

தீனி எவ்வளவு இருந்தாலும் ஒரு உடம்பு தொடர்ந்து செலவழிக்கக்கூடிய சக்திக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு நாள் பந்தயம் என்றால் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துச் சமாளித்துவிடும். வாரக்கணக்கில் போனால் அன்றன்று குடல் செரித்துத் தருவதுதான் வரவு, செலவு அதைத் தாண்டினால் சதை கரையும். மனிதருக்கும் இப்படித்தான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் சும்மா படுத்திருந்தால் செலவாகும் சக்தியைப் போல 4, 5 மடங்கை மூன்று வாரம் செலவழிக்கிறார்கள். ஆனால் 2015-ல் அமெரிக்காவின் குறுக்கே மாதக்கணக்கில் ஓடியவர்களை அளந்து 2019-ல் வந்த ஆய்வு, நெடுநாள் தாங்குவது சுமார் 2.5 மடங்குதான் என்றது. புறாவுக்கு எண் வேறாக இருக்கும், கணக்கு இதேதான். உங்கள் ஜோடிக்கோ ரெட்டை வேலை: முதல் வாரம் தாய், தகப்பன் ரெண்டுமே தொண்டைப் பையில் பால் சுரந்து ஊட்டுகின்றன, அப்புறம் தானியம், அதற்கு மேல் பறத்தல்.

இன்னொரு தடை சூடு, இதைத்தான் நம்ம ஆட்கள் கவனிப்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்பீக்மன், க்ரோல் என்ற ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் சுண்டெலிகளின் முதுகு மயிரை மழித்துப் பார்த்தார்கள். உடம்புச் சூடு வெளியேற வழி கிடைத்ததும் அவை கூடுதலாகத் தின்றன, கூடுதலாகப் பால் சுரந்தன, குட்டிகளும் கனத்தன. புறாவுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிலும் தோலிலும் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் வீசும் ஈரக்காற்றில், அதுவும் தகரக் கூரைக்கு அடியில், அது எங்கே நடக்கும்?

அதனால் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் போடுங்கள், காற்று குறுக்கே போக வழி விடுங்கள், தினமும் குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். தீனியை வெயில் ஏறும் முன்னும் சாய்ந்த பின்னும் கொடுங்கள். குஞ்சு தானாகப் பொறுக்கித் தின்ன ஒரு மாதம் ஆகும். அதுவரை ஜோடி கூட்டிலேயே இருக்கட்டும், உடனே அடுத்த முட்டைக்கும் விடாதீர்கள். ரெண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் நெஞ்சில் சதை ஏறவில்லை, அல்லது இப்போதே எச்சம் பச்சைத் தண்ணீராகப் போகிறது என்றால் அது வேறு நோய். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள், எச்சத்தையும் ஒரு தாளில் மடித்துக்கொண்டு.