தடுப்பணைக்குக் கீழே நீந்தியும் நகர முடியாதது ஏன்?

உங்கள் நீச்சலில் குறை இல்லைங்க. பவானி ஆற்றுத் தடுப்பணைக்குக் கீழே எவ்வளவு கைபோட்டும் சுவர்ப்பக்கமே இழுத்தது என்றால், மேல்தண்ணீர் பின்னோக்கி ஓடியிருக்கிறது. சுவர் தாண்டி விழும் நீர் அடிவரை இறங்கி, சற்றுத் தள்ளி மேலெழுந்து, அதில் ஒரு பகுதி சுவருக்கே திரும்பும். வெள்ளை நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை.

அடுத்த முறை, கரையில் நின்றபடி ஒரு தேங்காய் மட்டையை நுரைக்குள் எறிந்து பாருங்கள். அங்கேயே சுற்றினால் இறங்கவே வேண்டாம்.

மட்டை போய்விட்டாலும் முழுதாக நம்பாதீர்கள். மேலே பவானிசாகர் அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் எல்லாம் மாறிவிடும். அப்புறம், யாராவது சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், கரையிலிருந்து கயிறு வீசுங்கள்.