நிலத்தை அரசு எடுத்தால் எந்த நாளின் விலை கிடைக்கும்?

சூளகிரிப் பக்கம் விலை மாதாமாதம் ஏறும்போது இழப்பீடும் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறாது. 2013 நில எடுப்புச் சட்டப்படி, நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் முதல்நிலை அறிவிப்பு (பிரிவு 11) வெளியான நாளோடு சந்தை மதிப்பு நின்றுவிடும். அதன் பிறகு பக்கத்து நிலம் எவ்வளவுக்குக் கைமாறினாலும் கணக்கில் வராது. தாமதத்துக்குத் தருவது சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை.

பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, அருகிலுள்ள அதே வகை நிலங்களின் சராசரிக் கிரயம், இரண்டில் கூடுதலானதை எடுப்பார்கள். சராசரிக்கு முந்தைய 3 ஆண்டுப் பத்திரங்களில் விலை கூடிய பாதி மட்டும் சேரும். அடி விழுவது இங்கேதான்: முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து ஊரே குறைத்துப் பதிந்திருந்தால், சராசரியும் தரையில் கிடக்கும். எனவே சுற்றியுள்ள சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டு, நல்ல விலைக்குப் பதிந்த பத்திரங்களின் சான்றிட்ட நகலை நில எடுப்பு அலுவலரின் விசாரணையிலேயே எழுத்து மூலம் கொடுங்கள்.

ஏக்கர் 20 லட்சம், ஊரகக் காரணி (கிராமப்புற நிலத்தின் மதிப்பைப் பெருக்கும் எண்) 1.25 என்று வைத்தால் 25 லட்சம். மாமரம், போர்வெல் 3 லட்சம் சேர்த்தால் 28. கட்டாயமாக எடுப்பதற்காக அதே அளவு தரும் ஆறுதல் தொகையோடு 56 லட்சம். 12 சதவீதம் தனி. மரங்கள் அடங்கலில் (நிலத்தின் பயிர், மர விவரப் பதிவேடு) ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றே பாருங்கள். ஒரு மரம் விட்டுப்போனால் இழப்பு இரட்டிப்பு.

தொகை குறைவென்றால் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதியே கையெழுத்திடுங்கள். தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) அறிவிக்கும்போது நேரில் இருந்தவர், 6 வாரத்துக்குள் கூடுதல் இழப்பீடு கேட்கும் பிரிவு 64 மனு கொடுத்தாக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கு எடுத்தால் நடைமுறை வேறு. நோட்டீஸில் உள்ள சட்டப் பெயரை முதலில் படியுங்கள்.