அகஸ்டினை மூடி வைத்ததில் தப்பில்லை

கேள்வி: நான் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேதாகமத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அப்போஸ்தலருக்குப் பிறகு வந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள இப்போது ஆசை. மகன் அகஸ்டினின் 'கன்ஃபெஷன்ஸ்' நூலை ஆங்கிலத்தில் போனில் இறக்கித் தந்தான், இரண்டாம் புத்தகத்தோடு நின்றுவிட்டது. யூடியூபில் ஒருவர் 'மறைக்கப்பட்ட சுவிசேஷங்கள்' என்று பேசுவதைக் கேட்டால் பயமாகவும் இருக்கிறது, ஆர்வமாகவும் இருக்கிறது. எங்கள் சபைக் குருவானவர் ஐயரிடம் கேட்டேன், "வேதம் போதாதா?" என்றார். நான் இறையியல் படித்தவள் இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? படித்ததைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசலாமா?

பதில்: சகோதரி, முதலில் ஐயர் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் அக்கறையில் சொல்லியிருப்பார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருவிருந்து ஆராதனையில் அவரே முன்னின்று சொல்லவைக்கிற நிசேயா விசுவாசப் பிரமாணம் 325-இல் தொடங்கி 381-இல்தான் ஏறக்குறைய இன்றைய உருவத்துக்கு வந்தது. இருதயத்தை உயர்த்தச் சொல்லி குருவானவர் அழைக்க, ஜனங்கள் பதில் சொல்லும் வழக்கத்தை 3-ஆம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் குறிப்பிடுகிறார். நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான். வேதத்துக்குச் சமமாக வைத்துப் படிக்காதவரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இறையியல் படிக்காதது ஒரு குறையே இல்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இதை யார், யாருக்கு, எந்தச் சங்கடத்தில் எழுதினார்? பதில் தெளிவாகக் கிடைக்கிற எழுத்துகளை முதலில் படியுங்கள், கிடைக்காதவற்றை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் அகஸ்டினில் தொடங்கியதுதான் சிக்கல். அது 13 புத்தகங்கள், 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதத் தொடங்கியது, எழுதியவர் பெரிய பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து பிஷப் ஆனவர், முழுவதும் கடவுளைப் பார்த்தே பேசுகிறார், நாம் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறோம். அங்கே பிறகு வருவோம்.

டிடாக்கேயில் ஆரம்பியுங்கள். 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்பது இதன் வேறு பெயர். முதல் நூற்றாண்டின் முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பல நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. 1873-இல் பிலோதியோஸ் பிரையென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபைக்காரர் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய சுவடிக் கட்டுக்குள் இதைக் கண்டுபிடித்தார், 1883-இல் அச்சானது. 16 சின்ன அதிகாரங்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். இது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சபையை நடத்துகிறவர்களுக்குமான கையேடு, அதனால் அன்றாட விஷயங்களே அதிகம். ஞானஸ்நானம் ஓடுகிற தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது இல்லையா வெந்நீர், அதுவும் போதாதென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று. முழுக்கா தெளிப்பா என்று நம் ஊரில் சபைகள் எவ்வளவு சண்டை போட்டிருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தைப் படித்தால் சிரிப்புதான் வரும். புதனும் வெள்ளியும் உபவாசம், கர்த்தருடைய ஜெபம் தினம் மூன்று தரம். அதோடு, ஊர் ஊராக வருகிற பிரசங்கியாரை எப்படி எடைபோடுவது என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த இடம் போய்ச் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் கொடு, பணம் கேட்டால் அவனும் கள்ளன். ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு காசு கேட்கிறவனுக்குக் காதே கொடுக்காதே, ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் விட்டுவிடு. இதற்கு விளக்கவுரை எதுவும் வேண்டியிருக்காது உங்களுக்கு.

அடுத்தது கிளெமெந்தின் கடிதம். ஏறக்குறைய 96-ஆம் வருஷம் ரோமாபுரி சபையின் பேரில் அதன் தலைவர் கிளெமெந்த் கொரிந்து சபைக்கு எழுதியதாகச் சொல்வார்கள். சங்கதி என்னவென்றால், கொரிந்துவில் ஒரு கூட்டம் சேர்ந்து மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. பவுல் அவர்களுக்கு எழுதி ஏறக்குறைய நாற்பது வருஷம்தான் ஆகியிருக்கும், மறுபடியும் அதே ஊரில் கட்சிச் சண்டை! சபைத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. கடிதம் நீளம், பழைய ஏற்பாட்டு மேற்கோள்கள் வரிசையாக வரும், நடுவில் உயிர்த்தெழுதலுக்கு உதாரணமாக ஃபீனிக்ஸ் பறவையை நிஜப் பறவை மாதிரியே விவரிப்பார். அலுப்புத் தட்டினால் பக்கங்களைத் தள்ளுங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

இக்னேசியஸைத் தள்ளாதீர்கள். அந்தியோக்கியா பிஷப். ட்ராஜன் பேரரசர் காலத்தில் கைதாகி, மிருகங்களுக்கு இரையாவதற்காகப் பத்துப் போர்வீரர்களின் காவலில் ரோமுக்குக் கொண்டு போகப்படுகிறார். வழியில் சிமிர்னாவிலிருந்து நாலு கடிதம், துரோவாவிலிருந்து மூன்று. அந்த வீரர்களைச் சிறுத்தைகள் என்கிறார், நன்மை செய்யச் செய்ய இன்னும் மோசமாகிறார்களாம். ரோமாபுரியாருக்கு எழுதியதுதான் உச்சம். என்னைக் காப்பாற்ற யாரிடமும் பேசிவிடாதீர்கள், நான் தேவனுடைய கோதுமை, மிருகங்களின் பற்களில் அரைபட்டு அப்பமாக வேண்டும் என்கிறார். படித்தால் கலங்கிப்போவீர்கள். சாவை இவ்வளவு ஆசையாய் எதிர்பார்ப்பது சரிதானா என்றும் தோன்றும், எனக்கு இன்னமும் தோன்றுகிறது. பரிசுத்தவான் எழுதியது என்பதற்காக ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிப்பில் ஒவ்வொரு கடிதத்துக்கும் குறுகியது, நீண்டது என்று இரண்டு வடிவம் இருக்கும், குறுகியதையே படியுங்கள். நீண்டது பின்னால் யாரோ சேர்த்து ஊதியது. மரியாளுக்கும் யோவானுக்கும் அவர் எழுதியதாகச் சில கடிதங்களும் அங்கே இருக்கும், அவை போலி.

இந்த மூன்றும் பெங்குவின் வெளியிட்ட 'ஏர்லி கிறிஸ்டியன் ரைட்டிங்ஸ்' என்ற ஒரே சின்னப் புத்தகத்தில் இருக்கின்றன, ஆங்கிலமும் எளிது. மகனிடம் சொல்லி அதை வாங்குங்கள். போனில் படிப்பதைவிடக் கையில் பென்சிலோடு படிப்பது நல்லது.

இப்போது ஒரு பெண். இவளை நீங்கள் விடவே முடியாது. 203-ஆம் வருஷம், கார்த்தேஜ், பெர்பெத்துவா, வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் இருந்தபோது அவளே எழுதியதாகச் சொல்லப்படும் பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது, முன்னும் பின்னும் இன்னொருவர் எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியின் சொந்தக் குரல் இப்படிக் கிடைப்பது மிக மிக அபூர்வம். விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லி அப்பா கெஞ்சுகிறார். அவள் பக்கத்திலிருந்த ஒரு குடுவையைக் காட்டி, இதை வேறு பெயரால் கூப்பிட முடியுமா, அதேபோல நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்று சொல்ல முடியாது என்கிறாள். அதற்காக அவளைக் கல் மனசுக்காரி என்று நினைக்காதீர்கள், குழந்தை பாலில்லாமல் வாடுவதையும், அதைச் சிறைக்குள் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனை போல ஆகிவிட்டதையும், அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்துத் தான் வருந்தியதையும் ஒளிக்காமல் எழுதுகிறாள். கூட இருந்த பெலிசிட்டாஸ் என்ற அடிமைப்பெண் சிறையிலேயே பெண் குழந்தை பெற்றாள், அதைச் சபையில் ஒரு சகோதரி வளர்த்தாள். யாருக்கு எழுதினாள் என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்வது கஷ்டம். தனக்காகவே கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மறைக்கப்பட்ட சுவிசேஷங்களுக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி பக்கத்தில் ஒரு ஜாடிக்குள் காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழிச் சுவடிகள் கிடைத்தன, தோமாவின் சுவிசேஷம் அதில்தான் முழுசாகக் கிடைத்தது. 114 வாக்குகள் மட்டும். பிறப்பு இல்லை, சிலுவை இல்லை, உயிர்த்தெழுதல் கதையும் இல்லை. சில வாக்குகள் மத்தேயுவிலும் லூக்காவிலும் உள்ளவை மாதிரியே இருக்கும், சிலது விடுகதை. பெண்களை உயர்த்திய சுவிசேஷத்தை ஆண்கள் ஒளித்துவிட்டார்கள் என்று அந்த யூடியூப்காரர் சொல்லியிருந்தால், கடைசி வாக்கை வாசிக்கச் சொல்லுங்கள். மரியாள் பரலோக ராஜ்யத்துக்குள் போக வேண்டுமென்றால் ஆணாக வேண்டும் என்கிறது அது. 325-இல் கூடிய நிசேயா ஆயர் பேரவையில் பேரரசன் கான்ஸ்டன்டைன் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தான் என்பதும் கட்டுக்கதைதான். நிசேயா தீர்மானங்களில் அப்படி எதுவும் கிடையாது. இன்றைய 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலாக நாம் முதலில் பார்ப்பது 367-இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதிய சுற்றறிக்கையில். அதுவரை ஓரங்களில் இழுபறி இருந்தது உண்மை. சினாய் சுவடி என்ற 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வேதாகமத்தின் கடைசியில், இன்றைய வேதாகமத்தில் இல்லாத பர்னபாவின் கடிதமும் ஹெர்மாஸின் மேய்ப்பனும் சேர்ந்தே இருக்கின்றன. ஒளிக்க நினைத்தவர்கள் அப்படி ஒட்டியா வைப்பார்கள்?

தோமா பெயரில் இன்னொன்று இருக்கிறது, நமக்கு உறவுள்ளது. தோமாவின் நடபடிகள், 3-ஆம் நூற்றாண்டு, சீரிய மொழி. அப்போஸ்தலர்கள் சீட்டுப்போட்டு உலகத்தைப் பங்கு பிரிக்கிறார்கள், தோமாவுக்கு இந்தியா விழுகிறது, அவர் மாட்டேன் என்கிறார்! இயேசுவே வந்து அவரை ஹாபான் என்ற வியாபாரிக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். குந்தபோர் ராஜா அரண்மனை கட்டப் பணம் கொடுக்க, தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உமக்குப் பரலோகத்தில் கட்டியிருக்கிறேன் என்கிறார். கதைதான், ஆனால் அந்த ராஜா கதை இல்லை. கொண்டோபாரெஸ் என்ற பெயரோடு அவன் காசுகள் 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கே, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கம் கிடைத்தன. மயிலாப்பூர் என்ற பெயர் இந்த நூலில் இல்லை, அந்தப் பாரம்பரியம் வேறு வழியில் நமக்கு வந்தது. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்களைக் கேட்டால் உங்களுக்கு இனி வித்தியாசம் தெரியும்.

ஜெபத்தோடு படிக்க ஏதாவது வேண்டும் என்றால் எகிப்து வனாந்தரத் தகப்பன்மார்களின் வாக்குகளை எடுங்கள், தினம் ஒன்று போதும். அப்பா மோசே என்பவர் முன்னாள் திருடன். ஒரு சகோதரன் தப்பு செய்ததற்காக விசாரணைக் கூட்டம், இவரையும் அழைக்கிறார்கள், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சுமந்துகொண்டு வருகிறார். என் பாவங்கள் என் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை, நான் இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. தாமஸ் அ கெம்பிஸின் கிறிஸ்துநாதர் அநுசாரமும் நல்ல புத்தகம், கத்தோலிக்கச் சிநேகிதிகள் வீட்டில் தமிழில் இருக்கும். 15-ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகளை மனதில் வைத்து எழுதியது என்பதை மட்டும் மறக்காதீர்கள். மனுஷர் நடுவே போய் வரும்போதெல்லாம் நான் குறைந்துபோகிறேன் என்பதைப் பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கமும் உள்ள வீட்டில் அப்படியே எடுத்துக்கொண்டால் குடும்பம் நடக்காது.

சரி, அகஸ்டின். நீங்கள் இறக்கியது அநேகமாக 1838-இல் பியூசி செய்த மொழிபெயர்ப்பாக இருக்கும், இலவசமாகக் கிடைப்பதில் அதுதான் அதிகம், பழைய ஆங்கிலம், மூச்சு முட்டும். ஹென்றி சாட்விக்கின் மொழிபெயர்ப்பு பரவாயில்லை. நீங்கள் நின்ற இடம் பேரிக்காய்த் திருட்டு, பதினாறு வயதில் பசியில்லாமலே பறித்துப் பன்றிகளுக்குப் போட்டதற்காக ஒரு பிஷப் இத்தனை பக்கம் புலம்புவது யாருக்கும் விசித்திரமாகத்தான் இருக்கும். என் யோசனை, வரிசையை விடுங்கள், அவருடைய அம்மா மோனிக்காவின் கதையாகப் படியுங்கள். மூன்றாம் புத்தகத்தின் கடைசியில் மகனுக்காக அழுது ஒரு பிஷப்பைத் தொந்தரவு செய்கிறாள், இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போக மாட்டான் போ என்கிறார் அவர். ஐந்தாம் புத்தகத்தில் அவள் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே மகன் பொய் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிவிடுகிறான். ஆறில் கடல் தாண்டி வந்துவிடுகிறாள், எட்டில் மிலான் தோட்டத்தில் மகன் மனந்திரும்புகிறான், ஒன்பதில் ஓஸ்தியாவில் அவள் சாவு. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து முதல் பதிமூன்று வரை ஞாபகம், காலம், ஆதியாகமம் என்று வேறு திசையில் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தாராளமாகப் பேசுங்கள். பெர்பெத்துவாவையும் மோனிக்காவையும் வைத்து ஆரம்பியுங்கள், 'இது வேதவசனம் இல்லை' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஐயரம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். டிடாக்கேயில் பிரசங்கியார் பகுதியை மட்டும், கன்வென்ஷன் கூட்டங்கள் நடக்கிற வாரத்தில் எடுக்காதீர்கள்.