தாத்தாவோட மில் தெருவ பத்தி எழுதணும், எந்த புக்ல ஆரம்பிக்கறது?

புதுச்சேரி முதலியார்பேட்டைலேருந்து ஒரு எம்.ஏ. ஸ்டூடன்ட் கேட்டிருக்காங்க. தாத்தா மில்லுல வேலை பாத்தவராம், அந்த தெருவோட சமூக வரலாறுதான் ப்ராஜெக்ட், கைடு ரெஃபரன்ஸ் புக் லிஸ்ட் கேக்கறாரு, ஆனா எங்க தேடினாலும் 1936 ஸ்ட்ரைக் மட்டும்தான் வருதுன்னு.

1936 ஜூலை 30 சவானா மில் துப்பாக்கிச் சூட்டுல 12 பேர் செத்தது, அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை வந்தது, இதெல்லாம் கண்டிப்பா எழுதணும்மா, ஆனா அதோட நிறுத்தினா அது போராட்ட வரலாறு. அந்த வீடுகள்ல அடுத்த மாசம் அடுப்பு எப்படி எரிஞ்சுது, வாடகைய யாரு கட்டினாங்க, அங்கதான் உங்க சப்ஜெக்ட் இருக்கு.

பீட்டர் ஸ்டெர்ன்ஸ் எடிட் பண்ணின ஐரோப்பிய சமூக வரலாற்று கலைக்களஞ்சியம்னு 2001ல 6 வால்யூம் வந்துச்சு, அதுல நம்மூர தேடாதீங்க, வேலை, குடும்பம், சாப்பாடுன்னு தலைப்பு வாரியா மத்தவங்க என்னென்ன கேள்வி கேட்டிருக்காங்கன்னு பாத்துக்கங்க, அது போதும். சொந்தக்காரங்க கடலூர் பக்கம்னா 'தென்னாற்காடு'ன்னு தேடுங்க, 1993 வரைக்கும் மாவட்டத்துக்கு அதான் பேரு, 1906 கெசட்டியர், அதாவது அரசாங்கம் போட்ட மாவட்ட விவர புக், அந்த பேர்லதான் இருக்கு. ஆனா அது வெள்ளைக்கார ஆபீசர் கண்ணால பாத்தது, அத மறந்துடாதீங்க.

நான் பெருசா நம்பறது எத்தா சிவில்தான், அதாவது பிரெஞ்சு ஆட்சி காலத்து பொறப்பு, கல்யாணம், இறப்பு பதிவுகள். பழைய கல்யாண பதிவு ஒண்ண எடுத்து பொறுமையா படிங்க, மாப்ள என்ன தொழில், அப்பா என்ன தொழில், சாட்சிக்கு வந்தவங்க யாரு, எந்த ஊரு, கடைசில யாருக்கு கையெழுத்து போட தெரியாதுன்னு வரைக்கும் இருக்கும். திஸ்ரான்னு எழுதிருந்தா நெசவாளி. அப்பா விவசாயி, மகன் திஸ்ரான்னு வந்தா கிராமத்துலேருந்து தறிக்கு வந்த கதை அந்த ஒரே பேப்பர்ல இருக்கு, இப்படி முப்பது பதிவு படிச்சா தெருவே கண்ணு முன்னாடி வந்துடும். தாத்தாவோட அப்பா தலைமுறைக்கு, பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ்ல இருக்கற ஆவணக்காப்பகத்துல இந்த பதிவுகள ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே ஃப்ரீயா போட்டிருக்காங்க. கையெழுத்து மொதல்ல படுத்தும், ஒரு வாரத்துல பழகிடும். பின்னணி படிக்க செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் லைப்ரரி இருக்கு.

தெருவுல வயசான அம்மாக்கள் இருந்தா இந்த வாரமே போயிடுங்க. போராட்டத்த பத்தி சொல்லுங்கன்னு கேட்டா கேள்விப்பட்டத சொல்லுவாங்க, மில் சங்கு ஊதறதுக்கு முன்னாடி என்ன சமைப்பீங்கன்னு கேட்டா அவங்க வாழ்ந்தத சொல்லுவாங்க. வருஷம் கேக்காதீங்க, பெரிய பையன் பொறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க, அந்த பையனோட பொறப்பு சர்டிஃபிகேட்ட பாத்து வருஷத்த நீங்களே போட்டுக்கலாம்.